தனனானாவுக்கு ஒரு பெயர்

1. பனகல் பார்க் பஸ் ஸ்டாப்

“சுந்தரேசன், ஒரு நிமிஷம் நில்லுங்கோ. உங்க பாட்டால எனக்கு மூணு ஆத்துல கிளாஸ் நின்னுடுத்து.”

பனகல் பார்க் பஸ் ஸ்டாப்பில், காலை பத்து மணிக் கூட்டத்துக்கு நடுவே, வீணை டீச்சர் கமலாட்சி என்னை நிறுத்திச் சொன்னது இது. எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தெட்டு வயது. சினிமா இசையமைப்பாளர் ஒருவரிடம் உதவியாளனாக இருந்தேன். அவரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்போம். அவர் வீடு அபிராமபுரத்தில். கமலாட்சி அந்த வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாள் வந்து, மாஸ்டரின் பெண் பாப்பாவுக்கு வீணை சொல்லிக்கொடுத்தாள். என்னைவிட இரண்டு வயது பெரியவள். மந்தைவெளியில் ஒரு சந்தில் அம்மாவோடும் கல்லூரியில் படிக்கும் தம்பியோடும் குடியிருந்தாள். ஐந்து வீட்டுப் பாடம்தான் அந்த மூன்று பேருக்கும் சோறு. அதில் மூன்று போய்விட்டது என்கிறாள்.

அவள் சொன்ன பாட்டு, ‘கமலாட்சி’ என்ற பெயரோடு ஆரம்பிக்கும் பல்லவி. படம் வந்து இரண்டு மாதம். படம் எப்படியோ போகட்டும், பாட்டு மட்டும் பாண்டி பஜார் முழுக்க ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டிருந்தது. நான் அந்தப் பாட்டை எழுதவும் இல்லை, இசையமைக்கவும் இல்லை. “என் பாட்டா?” என்று கேட்டேன்.

“பின்ன யாரோடது? பசங்க என்னைப் பாத்தா பாடறான்கள். போறதுன்னு விட்டுட்டேன். பத்திரிகைல வந்தப்பறம்தான் குடி முழுகிடுத்து.”

பத்திரிகையில் வந்ததை நானும் படித்திருந்தேன். ஒரு வாரப் பத்திரிகைக்காரர் மாஸ்டரைப் பேட்டி காண வந்து, “யார் சார் அந்தக் கமலாட்சி?” என்று கேட்டிருக்கிறார். இல்லை, அது வெறும் பெயர் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, “அவள் என் இசைக்குள் இருக்கிறாள். அதற்கு மேல் கேட்காதீர்கள்” என்று சொல்லிவிட்டார். கேட்காதீர்கள் என்றால் கேட்காமல் இருப்பதற்குப் பத்திரிகை எதற்கு? விசாரித்து, ‘அந்தப் பெயருக்குரியவர் வீணை வாசிப்பவர் என்றும், இசையமைப்பாளரின் இல்லத்துக்கு அடிக்கடி வந்துபோகிறவர் என்றும் கேள்வி’ என்று அடுத்த வாரம் போட்டுவிட்டார்கள்.

“உங்க மாஸ்டராத்து மாமி என்னை இனிமே வர வேண்டாம்னு ஆள் விட்டுச் சொல்லிட்டா. மாமியே நிறுத்திட்டாளேன்னு இன்னும் ரெண்டு ஆத்துலயும் நிறுத்திட்டா. இருக்கற ரெண்டும் எத்தனை நாளோ. நீங்க பாட்டு போட்ட ரூம்லதானே இருந்தேள்? பேர் எப்படி வந்துதுன்னு மாமிகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கோ. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். அவள் பஸ் ஏறிப் போனாள். அதற்கப்புறம்தான் எனக்குத் திக்கென்றது. பெயர் எப்படி வந்தது? நான் அந்த அறையில்தான் இருந்தேன். ஆனால் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

2. டம்மி என்றால் என்ன

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரிந்திருக்காது. மாஸ்டரின் கம்போஸிங் அறை தி.நகரில் ஒரு மாடியில் இருந்தது. ஜமுக்காளம் விரித்து, ஆர்மோனியத்தோடு மாஸ்டர் உட்காருவார். பக்கத்தில் தபேலா மாணிக்கம். எதிரே நோட்டுப் புத்தகத்தோடு நான். மாஸ்டர் டியூனைத் ‘தனனானா’ என்றுதான் பாடுவார். நான் ஸ்வரத்தை எழுதிக்கொண்டு, கீழே சந்தத்தையும் எழுதுவேன். அது கவிஞர் வீட்டுக்குப் போகும். கவிஞர் அந்த அளவுக்கு வார்த்தை போடுவார்.

ஆனால் வெறும் தனனானாவைக் கொடுத்தால் கவிஞருக்குக் கோபம் வரும். “இது என்னய்யா, தந்திக் கம்பி மாதிரி இருக்கு” என்பார். அதனால் அளவு புரிவதற்காக, ஏதாவது அர்த்தமில்லாத வார்த்தையை நானே நிரப்பி அனுப்புவேன். இதுதான் டம்மி. ‘போண்டா சூடு ஆறிப் போச்சு’ என்று எழுதியிருக்கிறேன். அது ஒரு பக்திப் பாட்டாக மாறி, இன்றைக்கும் கோவில்களில் ஒலிக்கிறது. எந்தப் பாட்டு என்று கேட்காதீர்கள்.

முதலில் கையில் கிடைத்த காகிதத்தில் ரஃப் எழுதுவேன். பிறகு நல்ல தாளில் ஃபேர் எழுதிக் கவிஞருக்கு அனுப்புவேன். ரஃப்பை அன்றைக்கே கிழித்துப் போட்டுவிடுவேன். போண்டாவை யாராவது பார்த்துத் தொலைத்தால் மானம் போகும்.

கவிஞரிடமிருந்து பாட்டு வந்ததும் டம்மி செத்துப்போகும். அதுதான் முறை. இந்த ஒரு தடவைதான் சாகவில்லை. பல்லவியின் முதல் வார்த்தை மட்டும் அப்படியே நின்றது. படத்தில் கதாநாயகியின் பெயர் அதுவரை மல்லிகா. பாட்டுக்காக அவள் பெயரையே கமலாட்சி என்று மாற்றினார்கள். அதுவும் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் டம்மியில் அந்தப் பெயரைப் போட்டது நானா, அல்லது மாஸ்டரே அப்படிப் பாடி நான் எழுதினேனா? அங்கேதான் எனக்குக் குழப்பம்.

3. ஆளுக்கொரு கமலாட்சி

மறுநாள் மாஸ்டரையே கேட்டேன்.

“சார், அந்தக் கமலாட்சிங்கற பேர், டம்மியில வந்ததுதானே?”

மாஸ்டர் ஆர்மோனியத்தை மூடினார். “டம்மியா? என்னடா பேசறே? அது எனக்குள்ளேந்து வந்தது. எங்க ஊர்ல காவேரிக்கரைத் தெருவுல ஒரு கமலாட்சி இருந்தா. பத்து வயசுல பாத்தது. அப்பறம் அவா எங்கயோ போயிட்டா.”

அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் தெரிந்தது. நான் பயந்துபோனேன். இப்படி ஒரு கதை இருந்தால் நான் யார் நடுவில்? சற்று நேரம் கழித்து அவரே, “கமலாட்சியா, கமலாம்பாளா... கமலான்னு ஆரம்பிக்கும். அது நிச்சயம்” என்றார்.

அந்த வாரமே தயாரிப்பாளர் வந்தார். ரங்கநாதன் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். எங்களுக்கு முதலாளி. அவரிடமும் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

“ஏ தம்பி, அது எங்க அம்மை பேருல்லா! காயிதத்துல அந்தப் பேரைப் பாத்த உடனே எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சி. இதை மாத்தினா படமே எடுக்க மாட்டேம்னுட்டேன். அம்மை போயி பதினெட்டு வருசம் ஆச்சி.”

அம்மாவின் பெயரை வைத்துக் காதல் பாட்டா என்று கேட்க வாய் வந்தது. முதலாளியாயிற்றே, விழுங்கிக்கொண்டேன்.

கவிஞர் வீட்டுக்குப் பாட்டு வாங்கப் போனபோது அவர் தன் கமலாட்சியைச் சொன்னார். அத்தை பெண்ணாம். இவருக்கென்று பேசி வைத்திருந்து, வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம். “அவள் பெயர் வேறு, சுந்தரேசா. ஆனால் அவளுக்குக் கமலம் போன்ற கண்” என்றார். பெயரே வேறாக இருக்கிற கமலாட்சி அவள்.

ஒரு பாட்டு, மூன்று பெரிய மனிதர்கள், மூன்று பெண்கள். ஒருவராவது பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மூவரும் மனதாரச் சொன்னார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத நாலாவது கமலாட்சிதான் மந்தைவெளியில் பிழைப்புப் போய் நிற்கிறாள்.

மாணிக்கத்திடம் போனேன். மாணிக்கம் கிருஷ்ணாம்பேட்டைக்காரன். தபேலாவைப் போலவே பேச்சிலும் அடி சுத்தமாக விழும்.

“இன்னா மச்சி, நெஜமாவே மறந்துட்டியா? மாஸ்டரு தனனானான்னுதான் பாடிக்கினு இருந்தாரு. நீ குனிஞ்சு இன்னாவோ எழுதினே. அத்த மாஸ்டர் கைல குட்த்தே. அதுக்கப்புறம்தான் அவரு கமலாட்சின்னு பாடினாரு. நான் பக்கத்துல குந்திக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?”

“நான் ஏன் அந்தப் பேரை எழுதணும்?”

“அத்த என்னியா கேக்குறே?” என்று சுத்தியலை எடுத்துத் தபேலாவைச் சுருதி சேர்க்கத் தட்ட ஆரம்பித்துவிட்டான்.

4. ரஃப் தாள்

வீட்டுக்கு வந்து பழைய நோட்டுப் புத்தகங்களை எல்லாம் இறக்கினேன். ரஃப்பைத்தான் கிழித்துவிடுவேனே, ஃபேர் எழுதும்போது நோட்டில் ஏதாவது குறித்திருப்பேனோ என்றுதான் தேடினேன். அந்தப் பாட்டின் ஸ்வரக் குறிப்பு இருந்த பக்கத்தில், மடித்த ஒரு சிறிய தாள். பிரித்தால் என் கையெழுத்து. மேலே ‘தனனானா’, கீழே ‘கமலாட்சி’. ரஃப்தான். கிழிக்கப்படாமல் இருந்தது.

திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் பச்சை மையில் நான்கு வரி. ‘அன்புள்ள மாமிக்கு, இரண்டு நாளாகக் காய்ச்சல். இன்று வகுப்புக்கு வர இயலவில்லை. பாப்பாவை வர்ணம் மூன்று தரம் வாசிக்கச் சொல்லவும். கமலாட்சி.’

அப்பாடா என்று கத்தாத குறை. எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்குக் காலை மாஸ்டர் வீட்டு வாசலில் ஆர்மோனியத்தைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். கமலாட்சி லஸ்ஸில் டாக்டரைப் பார்க்கப் போகிற வழியில் வந்து, மாமியிடம் கொடுக்கச் சொல்லி இந்தச் சீட்டைத் தந்தாள். மாமி பூஜையில் இருந்தாள். அப்புறம் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தி.நகரில் ரஃப் எழுதக் காகிதம் தேடியபோது பையில் இது இருந்திருக்கிறது. எழுதும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டிருக்கிறது. சந்தத்துக்குப் பொருந்தியது, எழுதிவிட்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மாஸ்டரும் இல்லை, காதலும் இல்லை. கையில் அத்தாட்சியே இருக்கிறது.

மாஸ்டர் இதைக் கேட்டால் வேலை போகலாம் என்று தெரியும். பத்திரிகையில் அவ்வளவு பெரிதாகச் சொன்னவரை டம்மி எழுதுகிறவன் வந்து பொய்யாக்கினால் சும்மா விடுவாரா? ஆனாலும் அந்தத் தாளைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு எதுவும் பெரிதாகத் தோன்றவில்லை. மந்தைவெளிக்குப் போய், நாளை மத்தியானம் மாஸ்டர் வீட்டுக்கு வந்துவிடும்படி கமலாட்சியிடம் சொன்னேன்.

5. அபிராமபுரம்

கூடத்தில் மாமி மணைமேல் உட்கார்ந்திருந்தாள். மாஸ்டரின் மனைவி அலமேலு. எனக்குப் பல நாள் சாதம் போட்டவள். மூலையில் பாப்பாவின் வீணை உறை போட்டபடி சுவரில் சாய்ந்திருந்தது. கமலாட்சி தூண் ஓரமாக நின்றாள். உட்காரச் சொல்லவில்லை, அவளும் உட்காரவில்லை.

நான் டம்மியைப் பற்றி எல்லாம் விளக்கினேன். தனனானா, ரஃப், ஃபேர், போண்டா உட்பட. மாமி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்போ, எந்தப் பேர் வேணும்னாலும் போட்டிருக்கலாம்ங்கறே.”

“ஆமா மாமி. அளவு சரியா இருந்தா போறும்.”

மாமி அந்த டியூனை மெல்லிய குரலில், கமலாட்சி வரும் இடத்தில் “அலமேலூ...” என்று வைத்துப் பாடினாள். ஒரு மாத்திரை கூடவில்லை, குறையவில்லை. அவ்வளவு அழகாகப் பாடுவாள் என்று அந்த வீட்டில் மூன்று வருஷம் சாப்பிட்ட எனக்குத் தெரியாது.

“சரியாத்தானே விழறது?” என்றாள்.

அவசர அவசரமாகப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினேன். “இதோ பாருங்கோ மாமி. இந்தப் பேர் பின்பக்கம் இருந்துது. கண்ணுல பட்டுது, எழுதிட்டேன். இவ்வளவுதான் விஷயம்.”

மாமி தாளைத் திருப்பிப் படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“இது எனக்கு எழுதின லெட்டரோன்னோ?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது, சீட்டு மாமியிடம் போகவே இல்லை.

“அன்னிக்கு வெள்ளிக்கிழமை” என்றாள் மாமி. “கொழந்தை வீணையைப் பிரிச்சு வெச்சுண்டு ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தா. டீச்சரும் வரலை, ஒரு தகவலும் வரலை. சாயங்காலம் இவர் தி.நகர்லேந்து வந்தார். காபி டம்ளரைக் கையில வெச்சுண்டு கமலாட்சின்னு பாடினார். அடுத்த வாரம் இவ வந்து ஒரு வார்த்தை சொல்லுவாளோன்னு பாத்தேன். சொல்லலை. நானும் கேக்கலை. மனசுலயே வெச்சுண்டேன். பத்திரிகையில பாத்தப்பறம் வேற என்னடா நினைப்பேன்?”

“சீட்டுதான் கொடுத்தாச்சேன்னு இருந்தேன் மாமி” என்றாள் கமலாட்சி. “நூத்திமூணு டிகிரி ஜுரத்தோட வந்து கொடுத்தேன்.”

பாட்டு கம்போஸ் ஆகி எட்டு மாதம். மாமி எட்டு மாதம் புழுங்கியதற்கும், கமலாட்சியின் பிழைப்புப் போனதற்கும் காரணம் பத்திரிகை இல்லை, மாஸ்டரின் ஜம்பம்கூட இல்லை. அந்தச் சீட்டு என் நோட்டுக்குள் கிடந்ததுதான். நியாயம் சொல்ல வந்தவன் குற்றவாளிக் கூண்டில் நின்றேன்.

மாமி விடவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“கொடுக்க மறந்துட்டே. சரி. ரஃப் எழுதினா அன்னிக்கே கிழிச்சுடுவேன்னு இப்பத்தானே சொன்னே. இதை ஏன்டா வெச்சிண்டிருந்தே?”

கமலாட்சி என்னைப் பார்த்தாள். நான் வீணையைப் பார்த்தேன். ஏன் வைத்திருந்தேன்? சத்தியமாக அந்த நிமிஷம் வரை அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. வாரத்தில் மூன்று நாள், பாப்பாவின் பாடம் முடிகிற வரைக்கும், முடிந்துபோன வேலையை மறுபடி எழுதிக்கொண்டு நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காது மடல் சுட்டது.

மாடிப்படியில் சத்தம் கேட்டது. மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார், மாமி பாடியது அவர் காதில் விழுந்ததா, தெரியாது.

“அப்போ அது டம்மியாடா?” என்றார். பொம்மையைப் பறிகொடுத்த குழந்தையின் முகம். அவர் திரும்பி மேலே போனார்.

மாமி எழுந்து கமலாட்சியிடம் போனாள். “தப்பு என் பேர்லயும் இருக்கு. கேட்டிருக்கணும். கொழந்தை ஸ்கூல்லேந்து வர நேரம். இருந்து சொல்லிக்கொடுத்துட்டுப் போ. மத்த ரெண்டு ஆத்துக்கும் நானே இன்னிக்குப் போய்ச் சொல்றேன்.” அப்புறம் என்னைப் பார்த்து, “நீ காபி சாப்பிட்டுட்டுப் போ” என்றாள்.

காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

6. வாசல்

கேட்டைத் திறக்கும்போது கமலாட்சி பின்னால் வந்தாள். கையில் அந்தத் தாள். மாமியிடமிருந்து வாங்கி வந்திருக்கிறாள்.

“ஜுரம்னு எழுதியிருந்தேன். வர்ணம் மூணு தரம் வாசிக்கச் சொல்லுங்கோன்னு எழுதியிருந்தேன். இதுல பாட்டுக்கு என்ன இருந்துது, சுந்தரேசன்?”

கேலி இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டாள். எனக்கும் புரிந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். “சந்தத்துக்குப் பொருந்தித்து” என்றேன். அதைக் கேட்டதும் தாளை இரண்டாகவும் நாலாகவும் கிழித்து, இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே வீணையின் உறையைக் கழற்றி, சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே எல்டாம்ஸ் ரோடு வரைக்கும் நடந்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். அவ்வளவு தூரம் கேட்டிருக்காது.

அவளுக்குப் போன மூன்று வீடும் திரும்பக் கிடைத்தது. இரண்டு வருஷத்தில் தம்பிக்குப் பம்பாயில் வேலையாகி, மூவரும் அங்கே போய்விட்டார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லிக்கொள்ள நான் யார்?

மாஸ்டர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. டம்மி எழுதுகிற பொறுப்பை மட்டும் மாணிக்கத்துக்கு மாற்றினார். மாணிக்கத்தின் டம்மியைப் பார்த்துக் கவிஞர் ஒரு வாரம் பாட்டே எழுதித் தரவில்லை. பத்திரிகைக்கு மறுப்பு எதுவும் போகவில்லை. இன்றைக்கும் ரேடியோவில் அந்தப் பாட்டைப் போட்டால், காவேரிக்கரையில் மாஸ்டர் பத்து வயதில் பார்த்த பெண்ணைப் பற்றி அறிவிப்பாளர் உருகி உருகிச் சொல்கிறார். நான் திருத்துவதில்லை. மாமி போய்விட்டாள், மாஸ்டரும் போய்விட்டார். திருத்தி யாருக்கு என்ன?

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். டம்மியில் ஆள் பெயர் போடாதீர்கள். போண்டா போடுங்கள். ஒருவர் உங்கள் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தால் அன்றைக்கே உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். சேர்க்காமல் வைத்துக்கொண்டீர்கள் என்றால், ஏன் வைத்துக்கொண்டோம் என்று உங்களை நீங்களே அன்றைக்கே கேட்டுவிடுங்கள். என்னை மாமி கேட்கும் வரைக்கும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் தெரிந்தபோது கமலாட்சி பம்பாய் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.